‘ரெண்டு வயசுக் குழந்தையோட அந்தமான் போகலாமா, டாக்டர்?’

கோவையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஒரே பெண் குழந்தை. வயது ஒரு வருடம் பத்து மாதம், எடை 11 கிலோ. ஜனவரியில் கணவர், மாமனார், மாமியாருடன் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அந்தமான் போகிறார்கள். ஐந்து இரவு, ஆறு பகல். பயணத்தின் நான்காம் நாள் குழந்தைக்கு இரண்டாவது பிறந்தநாள். அதைக் கடற்கரையில் கொண்டாட வேண்டும் என்று கணவருக்கு ஆசை. ஏஜென்ட் கொடுத்த திட்டப்படி போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் ஒன்று. நடுவில் ஒரு நாள் பாராடாங் குகைகள். கடைசி நாள் நீலிலிருந்து காலைப் படகில் வந்து, மதிய விமானம்.

குழந்தைக்கு 14 மாதத்தில் காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது. அதற்கப்புறம் வரவில்லை. வளர்ச்சி, பேச்சு, நடை எல்லாம் வயதுக்கேற்றபடி இருக்கின்றன. ஆனாலும் மாமியார், "ஜன்னி வந்த குழந்தையைக் கடல் காத்துல கொண்டுபோகக் கூடாது" என்கிறார். தாய்ப்பாலையும் கிளம்புவதற்கு முன் மறக்கடித்துவிடச் சொல்கிறார். தோழி ஒருவர், விமானத்தில் குழந்தை தூங்க அலர்ஜி சிரப் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வாசகியோ வலிப்பு வராமலிருக்க, ஆறு நாளும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாரசிட்டமால் கொடுத்துக்கொண்டே இருக்கலாமா என்று கேட்கிறார். கடலில் விளையாடக் காற்றடைத்த கைப்பட்டை வாங்கியாகிவிட்டதாம். "ரிலாக்ஸா இருக்கலாம்னுதான் போறோம். ஆனா டிக்கெட் போட்ட நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் பயத்தைக் குழந்தை மேல ஏத்தாதேன்னு அவர் சொல்றார். நான் அளவுக்கு மீறிப் பயப்படறேனா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பதில்: போகலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்தப் பயணத்தைத் தடுக்கும்படி உங்கள் குழந்தையின் உடம்பில் எதுவும் இல்லை. ஆனால் ஏஜென்ட் கொடுத்த திட்டம் உங்கள் குடும்பத்துக்குச் சரிவராது. அதைப் பாதியாக வெட்ட வேண்டும்.

நீங்கள் அளவுக்கு மீறிப் பயப்படுகிறீர்களா? இல்லை, இடம் மாறிப் பயப்படுகிறீர்கள். கடிதத்தில் விமானத்துக்கு ஒரு பக்கம், காய்ச்சலுக்கு இரண்டு பக்கம், கொசுவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கடலும் நீச்சல் குளமும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன, அதுவும் கைப்பட்டை வாங்கிவிட்ட நிம்மதியோடு. குழந்தை மருத்துவராக எனக்குக் கவலை தரும் ஒரே வரி அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தைப் பார்ப்போம்.

வலிப்பைப் பற்றி

காய்ச்சலோடு வரும் வலிப்பு நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், வரக்கூடியது. உங்கள் மகளுக்கு வந்தது எளிய வகை: உடம்பு முழுக்க வெட்டியது, 15 நிமிடத்துக்குள் நின்றது, அன்று மறுபடி வரவில்லை, வளர்ச்சியில் குறையில்லை. இப்படி ஒருமுறை வந்த குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பிறகொரு காய்ச்சலில் திரும்ப வரலாம். அதனால் மூளை பாதிக்காது. கடல் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாமியார் அன்று நேரில் பார்த்திருப்பார், பயந்திருப்பார். அந்தப் பயம் நியாயமானது, காரணம்தான் தவறு.

பாரசிட்டமாலைத் தடுப்பு மருந்தாக ஆறு நாளும் கொடுக்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது காய்ச்சலின் உபாதையைக் குறைக்கும், அவ்வளவுதான். வலிப்பு திரும்புவதை அது தடுப்பதில்லை என்று ஆய்வுகளில் பலமுறை பார்த்தாகிவிட்டது. காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு நாள் முழுக்கக் கொடுத்தால் கல்லீரலுக்குத்தான் வேலை. காய்ச்சல் வந்தால் கொடுங்கள். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது உங்கள் மகளுக்கு அதிகபட்சம் 165 மில்லிகிராம். கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. முதலாவதில் ஆறரை மில்லி, இரண்டாவதில் மூன்று மில்லி போதும். ஊரில் ஒன்று வாங்கிப் பழகி, தீவில் இன்னொன்று வாங்கி, அதே மூடியளவு ஊற்றினால் இரட்டை டோஸ் போய்விடும். ஆகவே மருந்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள். புட்டியின் மேல் எத்தனை மில்லி என்று பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் கணக்கு வராது.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் உங்கள் குழந்தை மருத்துவரைப் பார்த்து ஒன்றைக் கேளுங்கள்: மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே எழுதித் தருவாரா, எப்படி அடிக்க வேண்டும் என்று காட்டித் தருவாரா? ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் அது உதவும். அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் தீவுக்குப் போகும்போது கையில் இருப்பது நல்லது. மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். மணி பாருங்கள். வாயில் கரண்டியோ, விரலோ, தண்ணீரோ, எதுவும் வைக்கக் கூடாது. கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. வலிப்பு தானாக நிற்கும்போது சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். நின்ற பிறகு, எத்தனை நிமிடமாக இருந்தாலும், ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். இதை மாமனார், மாமியார் இருவருக்கும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். வலிப்பு வரும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் போகலாம்.

தீவில் மருத்துவ வசதி எப்படி? ஹேவ்லாக்கில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. காய்ச்சல், வாந்தி பேதி, வெட்டுக்காயம் போன்றவற்றுக்கு அது போதும். சுற்றுலாப் பயணி என்று தயங்காமல் நேராக அங்கே போங்கள், ரிசார்ட் வரவேற்பறையில் மாத்திரை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேரில் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஜி.பி. பந்த் மருத்துவமனை. இரண்டுக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர் கடல் இருக்கிறது, பயணிகள் படகு மாலையோடு நின்றுவிடும். அதனால் நம்மூரில் "ராத்திரி வரைக்கும் பார்ப்போம்" என்கிற மாதிரி அங்கே சொல்லக் கூடாது. காலையில் குழந்தை துவண்டிருந்தால், மதியத்துக்குள் முடிவெடுங்கள். விடாத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு, அவர்கள் சொன்னால் அடுத்த படகிலேயே கிளம்ப வேண்டும்.

திட்டத்தை வெட்டுங்கள்

முதலில் பாராடாங்கை நீக்குங்கள். விடியற்காலை மூன்று மணி வாக்கில் எழுந்து, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, வண்டிகள் கூட்டமாகப் போகும் கான்வாயில் ஜாரவா பழங்குடியினரின் காப்பகம் வழியாகப் போக வேண்டும். காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்த அனுமதி இல்லை. குழந்தை வாந்தி எடுத்தாலும் சரி, டயபர் நிறைந்தாலும் சரி, ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்கப்புறம் படகு, அப்புறம் சுண்ணாம்புக் குகைக்கு நடை. குழந்தையைத் தவிர்த்துப் பார்த்தாலும், அந்த மக்களின் வீட்டு வாசல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது மருத்துவக் கருத்து அல்ல, என் சொந்தக் கருத்து.

அடுத்தது நீல் தீவு. அழகான இடம், பரத்பூர் கடற்கரையில் முழங்கால் ஆழத் தண்ணீர் வெகுதூரம் இருக்கும், குழந்தைக்குப் பிடிக்கும். ஆனால் இன்னொரு படகு, இன்னொரு அறை, இன்னொரு முறை மூட்டை கட்டுவது. அதைவிட முக்கியம், கடைசி நாள் காலைப் படகில் வந்து மதிய விமானம் பிடிப்பது சூதாட்டம். கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரில்தான் கழிக்க வேண்டும்.

நான் சொல்வது இதுதான்: முதல் இரவு போர்ட் பிளேர், நடுவில் மூன்று இரவு ஹேவ்லாக், கடைசி இரவு மீண்டும் போர்ட் பிளேர். ஒரே தீவு, ஒரே அறை, மூன்று நாள். குழந்தைக்குப் புது இடம் பழகவே ஒன்றரை நாள் ஆகும். பழகிய பிறகுதான் அவள் சாப்பிடுவாள், தூங்குவாள். அவள் தூங்கினால்தான் உங்களுக்கு ஓய்வு. டிக்கெட்டில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்றும், ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும் புதுப்பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

இது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது முடியும்வரைதான் விமானத்தில் மடியில் உட்காரும் குழந்தை என்ற கணக்கு. பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வருகிறது என்றால், திரும்பும்போது அவளுக்குத் தனி இருக்கை, தனி டிக்கெட் வேண்டும். இரண்டு பக்கமும் மடிக்குழந்தை என்று பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விமான நிலைய கவுன்டரில் தெரியவந்தால் அன்றைய விலையில் வாங்க வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழ் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து இரவு ரயிலில் வந்து அதே விடியலில் சென்னை விமானம் என்று வைக்காதீர்கள். சென்னையில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போவது நல்லது.

விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். காதடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். இறங்கத் தொடங்குகிறார்கள் என்று தெரிந்தவுடன் பால் கொடுங்கள், விழுங்கிக்கொண்டே இருந்தால் காது திறந்துகொள்ளும். இதற்காகவாவது தாய்ப்பாலை இப்போது மறக்கடிக்க வேண்டாம். இரண்டு வயதுவரையும், விருப்பமிருந்தால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெளியூரில் குழந்தை எதையும் சாப்பிட மறுக்கும் நாளில், வயிறு கெட்ட நாளில், அழுகை நிற்காத இரவில் அதுதான் கைகொடுக்கும். பயணத்துக்கு முந்தைய வாரம் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்து, அந்தக் கோபத்தோடு குழந்தையை விமானத்தில் ஏற்றுவதைவிடச் சிரமமான காரியம் இருக்க முடியாது. கழிப்பறைப் பழக்கம், தனியாகத் தூங்கும் பழக்கம் எதையும் இந்த மாதம் ஆரம்பிக்காதீர்கள்.

தோழி சொன்ன சிரப் வேண்டவே வேண்டாம். தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்துகளில் ஒன்றான புரோமெதசின், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சையே மந்தமாக்கக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. சில குழந்தைகளுக்கு இந்த வகை மருந்து தூக்கத்துக்குப் பதில் ஆட்டத்தைக் கிளப்பிவிடும். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைக்கு நான் இதை எழுதவே மாட்டேன். விமானத்தில் குழந்தை அழுதால் அழட்டும். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்வார்.

படகில் குமட்டல் வருமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே பயண வாந்தி அபூர்வம். இந்தப் பயணத்தில் அது உங்களுக்கோ மாமியாருக்கோ வர வாய்ப்பு அதிகம். படகின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் உட்காருங்கள், லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

தண்ணீர்: இங்கே பயப்படுங்கள்

ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள்தான் நீரில் மூழ்கும் ஆபத்தில் முதலிடத்தில் இருப்பவர்கள். தலை கனம், கால் பலம் குறைவு, விழுந்தால் எழத் தெரியாது. சினிமாவில் பார்ப்பதுபோலக் கத்தவோ கையை ஆட்டவோ மாட்டார்கள். சத்தமே இருக்காது. ஒரு போன் அழைப்பை எடுத்துப் பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆழமும் தேவையில்லை. குளியலறை பக்கெட்டில் பாதி தண்ணீர் போதும்.

கடலைவிட ரிசார்ட்டின் நீச்சல் குளம்தான் எனக்குப் பெரிய கவலை. கடலுக்குப் போகும்போது நால்வரும் சேர்ந்து போவீர்கள், எல்லோருக்கும் பயம் இருக்கும், குழந்தையின் கையை யாராவது பிடித்திருப்பார்கள். குளத்தில் யாரும் குளிக்காத நேரத்தில், நீங்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது, திறந்திருக்கும் கதவு வழியாகக் குழந்தை தனியாக நடந்துபோவதுதான் ஆபத்து. அறை பதிவு செய்யும்போது கேளுங்கள்: குளத்தைச் சுற்றி வேலி உண்டா? அறைக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா? குளத்துக்கு நேரெதிர் அறை என்று பெருமையாகக் கொடுத்தால், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கைப்பட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது விளையாட்டுச் சாமான், பாதுகாப்புச் சாதனம் அல்ல. நழுவும், காற்றிறங்கும், முகம் குப்புறக் கவிழ்ந்தால் நிமிர்த்தாது. எல்லாவற்றையும்விட, பெரியவர்களுக்குப் பொய்யான தைரியம் கொடுக்கும். 11 கிலோ எடைக்குரிய, கால் இடுக்கு வழியாகப் பட்டை போகும் லைஃப் ஜாக்கெட் ஒன்றை இங்கிருந்தே வாங்கிப்போங்கள். படகுக்காரர்களிடம் பெரியவர்கள் அளவு நிறைய இருக்கும், இவ்வளவு சின்னது இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் தண்ணீரில் அவள் உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். 'பார்வையில் இருக்கிறாள்' என்பது போதாது, கை நீட்டினால் தொட வேண்டும்.

நால்வர் பார்த்துக்கொள்கிறோம் என்றால், உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆளாளுக்கு மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். அதனால் முறை வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் ஒருவர். அந்த நேரத்தில் அவர் கையில் போன் இருக்கக் கூடாது, போட்டோகூட எடுக்கக் கூடாது. முறை மாறும்போது "இப்ப நீங்க" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். மாமனார் மாமியாரைத் தண்ணீரோரக் காவலுக்கு வைக்காதீர்கள். அன்பில் குறையில்லை, ஆனால் ஓடிப்போய்த் தூக்கும் வேகம் வேண்டும். அவர்கள் அறையில், நிழலில், சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஹேவ்லாக்கில் எங்கே? மேற்குப் பக்கம் ராதாநகர் கடற்கரை பெயர் பெற்றது, மணல் அருமை, ஆனால் அலை உண்டு. அங்கே மணலிலும் கணுக்கால் தண்ணீரிலும் நிறுத்திக்கொள்ளுங்கள், உயிர்காப்பாளர் இருக்கும் எல்லைக்குள். கிழக்குப் பக்கம் விஜயநகர் போன்ற கடற்கரைகள் குழந்தைக்கு இன்னும் தோதானவை, தண்ணீர் அமைதியாக, ஆழமில்லாமல் இருக்கும். நீர் வற்றும் நேரத்தில் பாறையும் பவளமும் வெளியே வந்துவிடும், ஆகவே நீர் ஏற்ற நேரத்தை ரிசார்ட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். காலில் ரப்பர் செருப்பு மாட்டாமல் இறக்காதீர்கள். யானைக் கடற்கரைக்கு ஸ்பீடு போட்டில் போவது இந்த வயதுக்கு வேண்டாம், அலையில் தூக்கித் தூக்கிப் போடும். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கிலேயே ஒரு சுற்றுலாப் பயணி இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும், அலையாத்திக் காட்டோரத்திலும் யாருமே இறங்கக் கூடாது. இருட்டிய பிறகு எங்கேயும் வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் நீங்களும் கணவரும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் குழந்தைகளுக்கான முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்த வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது, பொம்மையை வைத்துக் கையால் பழக வேண்டும். தண்ணீரில் மூழ்கி எடுத்த குழந்தை தெளிவாகவே இருந்தாலும், தொடர்ந்து இருமினாலோ மூச்சு வேகமாக இருந்தாலோ சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

வெயில், பூச்சி, சாப்பாடு

அந்தமான் கோவைக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான். அதனால் அங்கே சூரியன் நம்மூரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஜனவரியில் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும், மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். உச்சி வெயில் பதினொன்றரை வாக்கில். ஆக, காலை ஆறிலிருந்து எட்டரை வரை கடற்கரை, ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மதியம் சாப்பாடு, தூக்கம். மறுபடி மூன்றரைக்கு மேல் மணல். குழந்தை விடியலில் எழுந்துவிடுவாள், அவளைத் திட்டிப் பயனில்லை. அதே நேரத்தில்தான் கடற்கரை காலியாக இருக்கும்.

முழுக்கை மெல்லிய சட்டையும் தொப்பியும் முதல் காவல். மூடாத இடத்துக்குச் சன்ஸ்கிரீன்: எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், துத்தநாக ஆக்சைடு உள்ளதாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு வாரம் முன்பே கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

கொசுவோடு மணல் ஈயும் அங்கே தொல்லை. கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். மணலில் நேரடியாக உட்கார வைக்காமல் தடித்த விரிப்பு போடுங்கள், விடியலிலும் அந்தியிலும் கால் மூடிய பேன்ட் போடுங்கள். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் உள்ள கொசுவிரட்டி இந்த வயதில் பயன்படுத்தலாம், 30 சதவீதத்துக்குள். குழந்தையின் உள்ளங்கை, கண், வாய்ப் பக்கம் வேண்டாம். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளது மூன்று வயதுக்குக் கீழே கூடாது, 'இயற்கையானது' என்று எழுதியிருந்தாலும். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்ததும் கொசுவிரட்டி.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, இட்லி தோசை கிடைக்கும். ஹேவ்லாக்கில் பெரும்பாலும் வங்காளக் குடும்பங்கள், சாதமும் பருப்பும் எங்கே கேட்டாலும் உண்டு. சூடாக எதிரில் சமைத்தது, கையால் உரித்த பழம், மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர், வெட்டியவுடன் இளநீர். வெட்டி வைத்த பழமும் ஐஸும் வேண்டாம். நான்கு நாள் தயிர்சாதமும் வாழைப்பழமும் மட்டுமே சாப்பிட்டாலும் அவள் எடை குறைந்துவிடாது. தடுப்பூசி அட்டையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, இந்த வருட ஃப்ளூ ஊசி விட்டுப்போயிருந்தால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடலாம்.

மருந்துப் பையில் பாரசிட்டமால், வெப்பமானி, ஓ.ஆர்.எஸ்., துத்தநாக சிரப், கலமைன், டயபர் புண்ணுக்கான களிம்பு போதும். ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று எழுதிய பொடியாகப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் பேதியை அதிகமாக்கும். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. இருமல் சிரப் வேண்டாம், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய அரசே அறிவுறுத்தியது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆன்டிபயாடிக்கும் வேண்டாம்.

உங்கள் ஓய்வு

உங்கள் கடிதத்தில் 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்கள் எல்லாம் வேலையாகவே இருக்கின்றன: நான் மருந்து எடுத்துவைக்க வேண்டும், நான் சமையல் பொருள் கட்ட வேண்டும், நான் தூங்க வைக்க வேண்டும். கணவருக்கு ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) ஆசை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும், மூன்றாம் நாள் போகட்டும். ஆழத்துக்குப் போய்வந்த உடம்போடு உடனே விமானம் ஏறக் கூடாது, குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். கடைசி நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். அவர் போய்வந்த அதே அளவு நேரம் மறுநாள் உங்களுக்கு. அந்த நேரத்தில் குழந்தை அவர் பொறுப்பு, டயபர் உட்பட. நீங்கள் ஸ்கூபா போனாலும் சரி, தூங்கினாலும் சரி. தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஸ்கூபா செய்வதில் தடையில்லை. கர்ப்பமாக இருந்தால் மட்டும் கூடாது.

"பயத்தைக் குழந்தை மேல ஏத்தாதே" என்று சொல்லும் கணவரிடம் இந்தப் பதிலின் தண்ணீர்ப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள். படித்துவிட்டு, அவருக்கும் கொஞ்சம் பயம் வந்தால் நல்லது. இரண்டு பேரும் பாதிப் பாதி பயந்தால் ஒருவர் முழுதாகப் பயப்பட வேண்டியதில்லை. மகளுக்கு இந்தப் பயணம் எதுவும் பிற்பாடு ஞாபகம் இருக்காது என்பது உண்மை. அவளுக்கு நினைவில் நிற்க வேண்டும் என்றால் ஐந்து வயதில் இன்னொரு முறை போங்கள். இப்போது போவது உங்களுக்காக, அதில் தவறொன்றும் இல்லை.

பிறந்தநாளுக்குக் கேக் வேண்டுமென்றால் ரிசார்ட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பலூன்களை மட்டும் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். வெடித்த துண்டு குழந்தையின் தொண்டையில் அடைக்கும், மிச்சம் கடலுக்குப் போகும். மகள் பொறுக்கும் பவளத்துண்டுகளையும் அங்கேயே விட்டுவிடுங்கள், பவளத்தை எடுத்துவருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

திரும்பிய பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அந்தமான் போய்வந்தோம் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டெங்குவா என்று அவர் பார்ப்பார். அதுவரை பாரசிட்டமால் தவிர இபுப்ரோஃபென் போன்ற வேறு காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டாம்.